சக்கரத்தில் உட்காராத சங்கிலி

படகிலிருந்து
மார்ச் 9

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, எல்லாம் விவரமாக எழுது.

இந்தக் குடாவில் மலை மறைப்பதால் போன் எடுப்பதில்லை. சாமான் படகில் கொடுத்தால் கடிதம் நேரே உன் கடைக்கே வந்துவிடும் என்றார்கள். உங்கள் கடைச் சரக்கும் அதில்தானே வருகிறது.

பாய்மரப் படகிலேயே குடியிருக்கிறோம் என்றால் கேட்பவர்கள் ஏதோ உல்லாசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். படுக்கைக்கும் அடுப்புக்கும் நடுவில் தையல் மெஷின் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் எனக்குத் தூக்கம், அதைத் தாண்டித்தான் சோறு. குடா குடாவாகப் போய், அங்கே நிற்கிற படகுகளின் கிழிந்த பாய்களை வாங்கித் தைத்துக் கொடுக்கிறோம். வேலைக்குக் குறைவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். படகோடு வந்த நங்கூரச் சங்கிலி துருப்பிடித்து இளைத்துவிட்டது. காற்றுக்காலத்துக்குள் புதிது போட்டு, நான்கு பக்கமும் மூடிய குடா ஒன்றுக்கு நகர்ந்துவிட வேண்டும். நங்கூரம் பிடியை விட்டால் வீடும் போச்சு, தொழிலும் போச்சு. உன் அண்ணன் முழுக்கச் சங்கிலிதான் என்கிறார். நான் கயிறு என்கிறேன்.

“இரும்பு எத்தனை வருஷம் உழைக்கும் தெரியுமா?”

“அதத் தூக்கி நான் எத்தனை வருஷம் உழைப்பேன் தெரியுமா?”

இப்படியே போகிறது. தரை மணல்தான், இடையிடையே பாறை. பாறையைச் சொல்லி அவர் பயமுறுத்துகிறார், கனத்தைச் சொல்லி நான். கடைசியில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனோம். நம் இரண்டு குடும்பத்திலும் பட்டம் வாங்கியவள் நீ ஒருத்தி. அதிலும் கப்பல் சாமான் கடையில் வேலை. ஆகவே நீ எதைச் சொல்கிறாயோ அதுதான்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அண்ணி

(கீழே வேறு கையெழுத்தில்: பழைய சங்கிலிக் கம்பியின் கனம் எட்டு மில்லிமீட்டர். நீ சொன்னால் மறுபேச்சு கிடையாது. அண்ணன்.)


கடையிலிருந்து
மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

இங்கே நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் படிக்கட்டைக் கண்டால் மட்டும் வலிக்கிறதாம். மற்றபடி கடைத்தெரு வரை தாராளமாக நடக்கிறார்.

அண்ணி, நான் படித்தது வணிகவியல். வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றால் என்னைக் கேட்கிறார்கள். சித்தப்பாவின் பையனுக்குக் கண்ணில் பூச்சி விழுந்தால் என்னிடம் அழைத்து வருகிறார்கள். பட்டம் வாங்கியபோது இதெல்லாம் அதில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை. கடையிலும் எனக்கு மாடியில் பில் எழுதுகிற வேலைதான். சங்கிலியைத் தொட்டதுகூட இல்லை.

ஆனால் மாடிப்படிக்குக் கீழே எதிரும் புதிருமாக இரண்டு கவுண்டர்கள் இருக்கின்றன. ஒன்றில் சங்கிலி விற்பவர். இன்னொன்றில் கயிறு விற்கும் அக்கா. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அவர்களுக்குள் இதே வழக்குத்தான். நேற்று நடுப்படியில் நின்று கேட்டேன்.

“உன் கயித்தப் போட்டுட்டுத் தூங்கினா பாறை அறுத்துடும். காலைல எந்திரிச்சுப் பாத்தா படகு பக்கத்து ஊர்ல நிக்கும்.”

“உங்க சங்கிலியப் போட்டா பக்கத்து ஊருக்கே போக முடியாதே. மூக்குல இவ்ளோ இரும்ப மாட்டிக்கிட்டு எந்தப் படகு ஓடும்?”

“ஓடறதுக்காம்மா நங்கூரம் வாங்குறாங்க? நிக்கறதுக்கு!”

“காத்து இழுத்தா கயிறு நீண்டு கொடுக்கும். சங்கிலி வெடுக்குனு பிடிக்கும். உள்ள இருக்கறவங்க பல்லு ஆடிடும்.”

விவரமாகக் கேட்டுவிடலாம் என்று தைரியத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். சங்கிலிக்காரர் திரும்பி, “என்னம்மா வேணும்?” என்றார். “பேனா இருக்கா?” என்றேன். என் கையிலேயே ஒரு பேனா இருந்தது. அவர் இன்னொன்று கொடுத்தார்.

எனவே நானே யோசித்து முடிவு செய்தேன். உங்கள் குடாவில் பாறை இருக்கிறது. பாறையால் சங்கிலியை அறுக்க முடியாது. அதன் கனத்தால் அது தரையோடு படுத்துக் கிடக்கும், நங்கூரமும் சாய்ந்தபடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தூக்குவதற்குப் படகின் முன்னால் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் விஞ்ச் இருப்பதால் அண்ணி கவலைப்பட வேண்டாம். சங்கிலியே போடுங்கள். எட்டு மில்லிமீட்டர் என்று சீட்டு எழுதி, சங்கிலிக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த சாமான் படகில் வரும்.

பத்திரமாக இருங்கள்.

உங்கள் தங்கை


படகிலிருந்து
ஏப்ரல் 17

அன்பு நாத்தனாருக்கு,

இருவரும் சுகம். சங்கிலி வந்து சேர்ந்தது. என்ன பளபளப்பு! நீ சொன்னால் தப்பாகுமா? ரொம்ப நன்றாக இருக்கிறது. ரொம்ப ரொம்ப நன்றாக இருக்கிறது. நங்கூரம் இறங்கிய வேகத்தைப் பார்க்கப் பக்கத்துப் படகுக்காரர்களே எழுந்து நின்றார்கள் என்றால் பார்த்துக்கொள்.

உன் அண்ணனுக்கு இன்று கை ஓயவில்லை. அதனால் அவர் எழுதவில்லை. அன்பைச் சொல்லச் சொன்னார்.

சாமான் படகு கிளம்புகிறது, முடிக்கிறேன்.

அண்ணி


கடையிலிருந்து
ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

நலம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது முறை அவரே அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் கையில் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டுமாம்.

எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். இப்போதெல்லாம் சங்கிலிக்காரரைக் கடந்து போகும்போது தலை நிமிர்ந்துதான் போகிறேன். பேசத்தான் இன்னும் வரவில்லை.

மூடிய குடாவுக்கு எப்போது நகர்கிறீர்கள்? விஞ்ச் சக்கரத்தில் புதுச் சங்கிலி எப்படி ஏறுகிறது? அண்ணா ஒரு வரியாவது எழுதட்டும்.

உங்கள் தங்கை


படகிலிருந்து
ஜூன் 20

அன்பு நாத்தனாருக்கு,

நாங்கள் சுகமோ சுகம். உனக்கும் அம்மாவுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை.

இன்னும் அதே குடாவில்தான் இருக்கிறோம். பழகிவிட்டது, நகர மனம் வரவில்லை. கடல் பக்கம் திறந்திருந்தால் என்ன, நல்ல காற்றோட்டம். மெஷினை இப்போது நானே ஓட்டுகிறேன். உன் அண்ணன் படுத்தபடியே, “இடது பக்கம் இழு, மடிப்பு விழுது பாரு” என்று அதிகாரம் செய்கிறார். ஓய்வெடுத்ததில் முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் கேட்டார். விஞ்ச் இல்லாமல் சங்கிலியைக் கையால் இழுப்பவர்கள் எப்படி இழுப்பார்கள்? நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்க வழி உண்டா? அவசரமில்லை. அவருக்கு இடுப்புக்குப் போடுகிற பெல்ட் ஒன்றும் வேண்டுமாம். உங்கள் ஊரில் கிடைத்தால் அனுப்பு. ஆள் உன் அண்ணன் அளவுதான் இருப்பார்.

அண்ணி


கடையிலிருந்து
ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிப்பதை இந்த முறை நேரடியாகவே செய்கிறேன். அண்ணா அளவே இருக்கிற அந்தப் பக்கத்துப் படகுக்காரருக்கு இடுப்பில் என்ன ஆச்சு?

காற்றுக்காலத்துக்குள் நகர வேண்டும் என்று எழுதியதே நீங்கள்தான். இப்போது திறந்த குடாவைக் காற்றோட்டம் என்கிறீர்கள். அண்ணா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. ஏப்ரல் கடிதத்தில் சங்கிலியை இரண்டு தரம் பாராட்டியிருந்தீர்கள். என் பட்டமளிப்புப் புடவையைக்கூட நீங்கள் ‘பரவாயில்லை’ என்றுதான் சொன்னீர்கள், அண்ணி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன வருஷம் வாஷிங் மெஷின் குழாயை இந்தப் பக்கம்தான் மாட்ட வேண்டும் என்று சொன்னேன். அம்மா ஒரு மாதம் அதன் அடியில் வாளி வைத்து, நான் வேலைக்குக் கிளம்பியதும் கொட்டிக்கொண்டிருந்தார். “எதுக்கும்மா வாளி?” என்றால், “சும்மா இருக்கட்டுமேன்னு வெச்சேன்டி.” நான் சொன்னது தப்பு என்று சொல்ல நம் வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை. வாளியைக் கொட்டிவிடலாம். நங்கூரத்தை என்ன செய்வது?

கடிதம் வந்த அன்றே விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதே எட்டு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு வகைச் சங்கிலி இருக்கிறது. ஒன்றில் கண்ணி குட்டை, மற்றதில் நெட்டை. நான் கனத்தை மட்டும் எழுதினேன். பழைய சங்கிலியில் பத்துக் கண்ணியையும் புதியதில் பத்துக் கண்ணியையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்து, எது நீளம் என்று எழுதுங்கள். பாராட்டு வேண்டாம்.

பெல்ட் இத்துடன் வருகிறது. அண்ணாவின் அளவுக்கே வாங்கினேன்.

உங்கள் தங்கை


படகிலிருந்து
ஜூலை 4

அன்பு நாத்தனாருக்கு,

புதியதுதான் நீளம். ஒரு விரல் அகலத்துக்கு.

சக்கரத்தில் கண்ணிகள் உட்காருவதற்குக் குழி குழியாக இருக்கிறதல்லவா, அதில் நாலு கண்ணி உட்கார்ந்தால் ஐந்தாவது எழுந்து நிற்கிறது. முதல் நாளே தெரிந்துவிட்டது. இறக்கும்போது பிடி கிடைக்காமல் மொத்தச் சங்கிலியும் தடதடவென்று ஓடியது. பக்கத்துப் படகுக்காரர்கள் எழுந்து நின்றது அதற்குத்தான்.

மே மாதம், மூடிய குடாவுக்குப் போகலாம் என்று தூக்கிப் பார்த்தோம். பாதி வந்ததும் சக்கரத்தில் சங்கிலி எகிறியது. ஓடிவிடப் போகிறதே என்று உன் அண்ணன் குனிந்து கையால் பிடித்தார். அதன் கனம் அவரைச் சுண்டி இழுத்தது. விரல்கள் தப்பியது புண்ணியம். இடுப்புதான் பிடித்துக்கொண்டது. சாமான் படகில் வந்த டாக்டர் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, பளு தூக்கக்கூடாது என்றார். இப்போது எழுந்து உட்காருகிறார், நாலடி நடக்கிறார். உன் பெல்ட் சரியாக இருக்கிறது. இதை நிஜமாகவே சொல்கிறேன்.

உனக்கு எழுத வேண்டாம் என்று சொன்னது அவர்தான். “கூச்சப்படற பொண்ணு. முதல் தடவையா ஒரு வேலைய தானா செஞ்சிருக்கு. தப்புன்னு சொன்னா அப்புறம் வாயே திறக்காது” என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. இப்போது பயமாக இருக்கிறது. காற்று திரும்பினால் எங்களுக்குப் பின்னால் பாறைக்கரை. பாதிப் படகுகள் கிளம்பிப் போய்விட்டன. நங்கூரத்தைத் தூக்க முடியாமல் நாங்கள் நிற்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் முதலிலேயே கயிறு என்றேன். கேட்டீர்களா அண்ணனும் தங்கையும்? அப்பாடா, எழுதியதும் நெஞ்சு லேசாகிவிட்டது.

சீக்கிரம் ஒரு வழி சொல்.

அண்ணி


கடையிலிருந்து
ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இந்த முறை பேனா கேட்கவில்லை.

“நான் குடுத்த சீட்டு தப்பு. கண்ணி நீளம் எழுதல. எங்க அண்ணன் படகு சங்கிலி சக்கரத்துல உக்காரல. அவருக்கு இடுப்புல அடிபட்டிருக்கு” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

சங்கிலிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. “எந்தச் சக்கரத்துக்குன்னு கேக்கணும்னு தோணிச்சும்மா. படிச்சவங்க எழுதியிருக்காங்க, நாம போய்க் கேட்டா நல்லாருக்காதேன்னு அப்படியே கட்டிட்டேன்.”

கயிற்று அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னார்: “ஆக எல்லாருமாச் சேந்து மரியாதை குடுத்தே ஒரு மனுஷனோட இடுப்ப ஒடிச்சுட்டீங்க.”

பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினோம். குட்டைக் கண்ணிச் சங்கிலி இருப்பில் இல்லை, வருவதற்குள் காற்றுக்காலமே முடிந்துவிடும். வந்தாலும் அண்ணாவால் இழுக்க முடியாது. அதனால் இத்துடன் கயிறு வருகிறது. அதன் ஒரு முனையில் இரும்பு வளையம் வைத்து அக்காவே கயிற்றைக் காதுபோல வளைத்துப் பின்னியிருக்கிறார். நங்கூரத்தை ஒட்டிப் படகின் நீளத்துக்குச் சங்கிலியை விட்டுவிட்டு மீதியை அறுத்துவிடுங்கள். பாறையில் உரசுவது அந்தச் சங்கிலியாக இருக்கட்டும். அதற்கு மேல் கயிறு. இரண்டையும் இணைக்கும் பூட்டு வளையத்தின் ஆணி கழன்றுவிடாமல் கம்பி சுற்றிக் கட்ட வேண்டும் என்று சங்கிலிக்காரர் மூன்று முறை சொன்னார்.

இனி முன் விஞ்ச் வேண்டாம். கயிற்றைப் பின்னால் கொண்டுவந்து, பாய் இழுக்கும் விஞ்சில் சுற்றினால் அண்ணி உட்கார்ந்தபடியே கைப்பிடியைச் சுற்றலாம். வேண்டும்போது நிறுத்தி மூச்சும் வாங்கலாம். முதலில் இப்போது கிடக்கும் சங்கிலியையும் அப்படித்தான் தூக்க வேண்டும். ஒரு கயிற்றை அதில் கொக்கி போட்டு மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக. மெதுவாகத்தான் வரும். சங்கிலிக்கு விட்டதைவிட ஒன்றரை மடங்கு கயிறு விடுங்கள். கயிற்றில் நிற்கும் படகு அதிகம் ஆடி அலையும் என்பதால் மற்றப் படகுகளிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

படகின் மூக்கில் கயிறு உரசும் இடத்துக்கு ரப்பர் குழாய் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் கயிற்றைக் கோத்துக் கட்டிவிடுங்கள். குழாய் மட்டும் என் சொந்த யோசனை.

இதில் எது சரிவராவிட்டாலும் உடனே எழுதுங்கள். நான் வாயை மூடிக்கொள்ள மாட்டேன், சத்தியம்.

உங்கள் தங்கை


கடையிலிருந்து
ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணாவுக்கும்,

நீங்கள் நலம் என்று ஒரு வரி வந்தால் போதும்.

கயிறு கொண்டுபோன நடைக்குப் பிறகு சாமான் படகு இரண்டு முறை கிளம்பிப் பாதியில் திரும்பிவிட்டது. கயிறு உங்கள் கைக்கு வந்ததா, குடா மாறினீர்களா, ஒன்றும் தெரியவில்லை. இங்கே துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகுகளே ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன. அம்மா சன்னலைச் சாத்துவதும் திறந்து பார்ப்பதுமாக இருக்கிறார்.

கயிற்று அக்கா தினமும் மாடிக்கு வந்து, “என் பின்னல் விடாது” என்று சொல்லிவிட்டுப் போகிறார். சங்கிலிக்காரர் அதை மறுத்துப் பேசுவதில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை


படகிலிருந்து
ஆகஸ்ட் 11

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு. படகு இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம். அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

பார்சல் வந்த மறுநாளே சங்கிலியைத் தூக்கினோம். உன் அண்ணி காலையில் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் உன்னையும் என்னையும் மாறி மாறித் திட்டினாள். நங்கூரம் தலைகாட்டியபோது திட்டுவதற்குச் சொந்தக்காரர்கள் யாரும் பாக்கியில்லை. அன்றே மூடிய குடாவுக்கு வந்து, அறுத்த சங்கிலியும் கயிறுமாக இறக்கினோம். அந்த வாரமே காற்று திரும்பிவிட்டது. பழைய இடத்தில் நின்றிருந்தால் பாறைக்கரையில்தான் எங்களைத் தேடியிருப்பார்கள்.

கயிறு பிரமாதம். காற்று அறையும்போது நீண்டு கொடுத்து மெல்லத் திரும்பி இழுக்கிறது. அடுப்பில் வைத்த பாத்திரம்கூட நகரவில்லை. பின்னல் போட்ட அக்காவுக்கு என் வணக்கம் சொல். கொஞ்சம் தள்ளி முழுச் சங்கிலியில் நின்ற படகும் அசையவில்லை. அதைச் சங்கிலிக்காரரிடம் சொல், பாவம்.

ஆனால் உன் ரப்பர் குழாய் தப்பு. சுத்தத் தப்பு.

காற்று பலத்த முதல் நாளே கட்டு நழுவி, குழாய்க்குள் கயிறு முன்னும் பின்னும் உரச ஆரம்பித்தது. குழாயை விலக்கிப் பார்த்தால் உள்ளே கயிறு சுடுகிறது. உரசுகிற சூடு வெளியே போக ரப்பரில் வழியில்லை. இழைகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அங்கேயே அறுந்திருக்கும். அந்த இடம் தண்ணீருக்குள் போகட்டும் என்று மீதிக் கயிறு மொத்தத்தையும் விட்டேன். ஒன்றரை மடங்கு எல்லாம் அந்தக் காற்றுக்குப் போதாது. அதுவும் தப்பு. அப்புறம் பழைய பாய்த் துணியை மூன்றாக மடித்துப் புது இடத்தில் சுற்றி, கயிற்றோடு சேர்த்தே தைத்துவிட்டேன். படகின் மூக்கில் குப்புறப் படுத்து நான் தைக்க, உன் அண்ணி என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். துணி நனைந்தபடியே இருந்ததால் சூடு ஏறவில்லை. காற்று ஓயும்வரை அப்படியே நின்றது.

குழாய் விஷயத்தை எழுத வேண்டாம் என்று உன் அண்ணி சொன்னாள். பழக்கதோஷம். ஒரு தரம் மரியாதை கொடுத்ததற்கே இடுப்பு போச்சு, இன்னொரு தரம் கொடுக்க என்னிடம் வேறு இடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது வெயில் அடிக்கிறது. அண்ணி நனைந்த துணியெல்லாம் பாய்மரம் முழுக்கக் காயப்போட்டிருக்கிறாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குப் படகு என்றே தெரியாது.

அண்ணன்


கடையிலிருந்து
ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலம், நலம், நலம். இந்த வார்த்தையை எழுதவே இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கடிதத்தை நடுப்படியில் நின்றே பிரித்தேன். முதல் பத்தி முடிந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ‘சுத்தத் தப்பு’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன், கடை முழுக்கக் கேட்கும்படி. இரண்டு கவுண்டரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படியே உட்கார்ந்து, உரக்க, எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

“பாத்தீங்களா, என் பின்னல்!” என்றார் அக்கா.

“பாத்தியா, முழுச் சங்கிலியும் நின்னுச்சாம்!” என்றார் சங்கிலிக்காரர். மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அண்ணா, சூட்டைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. உரசினால் தேயும் என்று மட்டும்தான் யோசித்தேன். அக்கா இனி கயிறு வாங்குகிறவர்களிடமெல்லாம் துணி உறைதான் போட வேண்டும் என்று சொல்லப் போகிறாராம்.

அம்மாவுக்கு, என் தப்பு இரண்டையும் சேர்த்து, ஒரு வரி விடாமல் வாசித்தேன். கேட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “அப்படின்னா நானும் ஒண்ணு சொல்லலாமாடி?” என்றார்.

“சொல்லும்மா.”

“நீ போடற டீ வெந்நீர் மாதிரி இருக்கு. இத்தன வருஷமா குடிக்கறேன்.”

அத்தோடு நிற்கவில்லை. பீரோவை நான் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னதால் கதவு முழுசாகத் திறப்பதில்லையாம். நான் வாங்கித் தந்த செருப்பு கடிக்கிறதாம். நேற்று மாலை ஆரம்பித்தது, இன்று காலை நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து இன்னும் இரண்டு சொன்னார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

அண்ணாவின் இடுப்புக்குத் தையல் மெஷின் நாற்காலிதான் எதிரி என்று நினைக்கிறேன். மெஷினை உயர்த்தி வைத்து நின்றுகொண்டே தைத்தால் நல்லது என்று தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம். தப்பு என்று பட்டால் செய்யாதீர்கள், உடனே எழுதித் திட்டுங்கள்.

உங்கள் தங்கை